கரைசலுக்குள் இருந்த இரும்பு: என் மின்வேதியியல் ஆய்வுக் காலம்

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்ததும் நான் முதலில் விண்ணப்பித்தது காரைக்குடி சிக்ரிக்குத்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மின்கலம், உலோக அரிப்பு, மின்முலாம் என்று எந்தப் பிரிவில் சந்தேகம் வந்தாலும் அதே வளாகத்தில் கேட்க ஆள் உண்டு. நேர்காணலில், மின்முனையின் மின்னழுத்தத்தைக் கரைசலின் செறிவோடு இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை எழுதச் சொல்லி, அதிலிருந்தே கிளை கிளையாகக் கேட்டார்கள். அடிப்படையைத்தான் பார்க்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

பதிவு, பாடங்கள், அதற்கான தேர்வுகள் எல்லாம் எங்கும் உள்ளதுதான். ஆய்வுக்கு வருகிறேன்.

என் தலைப்பு, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும்போது ஆக்சிஜன் வரும் பக்கத்துக்கான நிக்கல் வினையூக்கி. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்கள் கைமாற வேண்டும். அதனால் அந்தப் பக்கம்தான் மந்தம், மின்சாரம் வீணாவதும் அங்கேதான்.

ஆனால் தொடக்கத்தில் கைடு என்னை வினையூக்கி பக்கமே விடவில்லை. 3 மி.மீ. விட்டமுள்ள கிளாசி கார்பன் (கண்ணாடி போன்ற கரி) மின்முனையை அலுமினாப் பொடியில் தேய்ப்பதுதான் வேலை. முதலில் 1 மைக்ரான் பொடி, அப்புறம் 0.3, கடைசியில் 0.05. ஈரத் துணியின் மேல் மின்முனையை நேராகப் பிடித்து, எட்டு போடுவதுபோல் சுழற்ற வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் ஒரு பக்கமாகத் தேயும். பிறகு ஃபெர்ரிசயனைடு கரைசலில் வைத்து வோல்டாமோகிராம், அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம். 25 டிகிரியில் இரண்டு உச்சிகளுக்கும் நடுவே கணக்குப்படி 59 மில்லிவோல்ட் அளவு வர வேண்டும். 70ஐ ஒட்டி வந்தால் "சரி, வை" என்பார். 100ஐத் தாண்டினால் மறுபடி தேய்க்க வேண்டும். அந்தப் பயிற்சியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அப்புறம் நிக்கல். அதே ஏற்ற இறக்கச் சுற்று ஓட ஓட மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனது. நான் எதையும் மாற்றவில்லை. பக்கத்து மேசை சீனியர் அக்கா வரைபடத்தைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, கே.ஓ.எச்.சைச் சுத்தம் பண்ணுனியா?"

விஷயம் இதுதான். கே.ஓ.எச். என்பது நாங்கள் கரைசலாகப் பயன்படுத்தும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கடையில் வாங்கும் அதில் இரும்பு மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதைக் கரைசலிலிருந்து இழுத்துக்கொள்ளும். உள்ளே போன இரும்புதான் ஆக்சிஜன் வினையை வேகப்படுத்துகிறது. 1987இலேயே டென்னிஸ் காரிகன் இதைக் காட்டிவிட்டார். 2014இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு இன்னும் கறாராக உறுதிசெய்தது.

அக்கா சொல்லிக் கொடுத்த முறையில் வேடிக்கை என்னவென்றால், சுத்தம் செய்வதும் அதே நிக்கல் ஹைட்ராக்சைடுதான். மிகத் தூய நிக்கல் நைட்ரேட்டிலிருந்து பச்சை வீழ்படிவு எடுத்து, கழுவி, அதைக் கே.ஓ.எச். கரைசலில் போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் விட வேண்டும். இரும்பையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். மையவிலக்கியில் சுற்றி, மேலே தெளிந்ததை வடித்துக்கொள்ளலாம். எல்லாமே பிளாஸ்டிக் குழாயில்தான். கண்ணாடியைக் காரம் அரித்து, அதிலுள்ள அசுத்தங்களைக் கரைசலில் சேர்த்துவிடும்.

சுத்தமான கரைசலில் என் நிக்கல் படுத்துவிட்டது. மனம் கனத்தது உண்மை. ஆனால் கைடு, "இனிமேல் நாமே அளந்து இரும்பைச் சேர்ப்போம்" என்றார். ஆய்வேட்டின் மைய அத்தியாயமே அப்படித்தான் பிறந்தது. இரண்டு ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வு மாணவர் ஆவதற்கான மதிப்பீட்டிலும் அதைத்தான் முன்வைத்தேன். கட்டுரை ஒரு இதழில் திரும்பி வந்து, மின்மறுப்பு அளவீடுகளைச் சேர்த்தபின் வேறொன்றில் வெளியானது.

புதிதாகச் சேர்கிறவர்கள் கைடைத் தேர்ந்தெடுக்குமுன் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு பொட்டென்ஷியோஸ்டாட்டுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு நிலைத்தன்மைச் சோதனை ஓடினாலே கருவி நாள்கணக்கில் உங்கள் கைக்கு வராது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அதிக நேரம் கேட்டது கே.ஓ.எச். பற்றித்தான். எவ்வளவு இரும்பு மிஞ்சியது, எப்படி அளந்தீர்கள், வெற்று மின்முனையில் என்ன வந்தது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தரவு கையில் இருந்தது.