பிடியை விடாத ஸ்னாப்ஷொட்

2022 இல் கொழும்பில் சேர்வர்களைப் பராமரித்த யாரிடம் கேட்டாலும் முதலில் மின்வெட்டைத்தான் சொல்வார்கள். மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. என்னைக் கூடுதலாக வாட்டியது வன்தட்டு விலை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. இடம் குறைந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஆள் அனுப்பி இரண்டு வன்தட்டு வாங்கிவரும் பழக்கம் அத்தோடு நின்றது. இருக்கும் வட்டுக்குள்ளேயே இடம் தேட வேண்டியதாயிற்று.

எங்கள் கோப்புச் சேர்வரில் இருந்தது இசட்.எப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005 இல் திறந்த மூலமாக வெளியிட்ட கோப்பு முறைமையின் வழிவந்தது. அதில் ஸ்னாப்ஷொட், அதாவது ஒரு கணத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு, எடுக்க ஒரு நொடி போதும், ஏனென்றால் எதுவும் பிரதி எடுக்கப்படுவதில்லை. மாறும் தரவு எப்போதும் புதிய இடத்தில்தான் எழுதப்படும். பழையதை விட்டுவிடாமல் வைத்திருந்தால் அதுவே ஸ்னாப்ஷொட். இவ்வளவு இலகுவாகக் கிடைப்பதை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? ஊழியர்கள் தங்கள் கோப்புகளை அழித்து அழித்துக் களைத்தும் வெற்றிடம் கூடாமல் இருந்ததற்குக் காரணம், அந்தக் கோப்புகள் எல்லாம் ஸ்னாப்ஷொட்டுகளுக்குள் பத்திரமாக இருந்ததுதான்.

பழையவற்றை அழிக்கத் தொடங்கினேன். பெரும்பாலானவை சத்தமில்லாமல் போயின. சில மட்டும் ‘டேட்டாசெட் இஸ் பிஸி’, அதாவது பயன்பாட்டில் இருக்கிறது, என்று ஒற்றை வரியில் மறுத்தன.

“தம்பி, சேர்வரை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பாருங்களேன்” என்றார் மேலாளர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் இருக்கும் மருந்து அது. ஏதாவது ஒரு நிரல் அந்த ஸ்னாப்ஷொட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அல்லது வேறு சேர்வருக்குப் பிரதி போய்க்கொண்டிருந்தால், அந்த மருந்து வேலை செய்யும். எங்களுடையது ‘ஹோல்ட்’. யாரோ வேண்டுமென்றே போட்ட பிடி அது. வட்டிலேயே பதிவாகியிருப்பதால் எத்தனை முறை நிறுத்தி இயக்கினாலும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றின் கதை வேறு. மென்பொருள் பிரிவினர் அதிலிருந்து ஒரு குளோன், அதாவது அந்த ஸ்னாப்ஷொட்டையே அடித்தளமாகக் கொண்டு மாற்றி எழுதக்கூடிய தொகுதி, எடுத்துச் சோதனைத் தரவுத்தளம் நடத்திக்கொண்டிருந்தார்கள். உறுதியில் இன்னொருவருக்கும் பங்குள்ள காணியை ஒருவர் தனியே விற்க முடியாது அல்லவா, அப்படி. இந்த இடத்தில் கணினி காட்டும் செய்தியோடு எனக்கு நீண்டநாள் மனத்தாங்கல் உண்டு. சார்ந்திருக்கும் குளோன்களையும் சேர்த்து அழிக்கக் கட்டளையோடு பெரிய ‘ஆர்’ எழுத்தைப் போடலாம் என்று அதுவே வழி சொல்லிக்கொடுக்கிறது. எவையெவை போகும் என்ற பட்டியலையும் தருகிறதுதான். ஆனால் இரவு பத்து மணிக்குப் பட்டியலை யார் வாசிக்கிறார்கள்? குளோனை ‘ப்ரமோட்’ செய்தால் தீரும் என்போரும் உண்டு. அதனால் ஸ்னாப்ஷொட் போய்விடாது, குளோனின் பக்கத்துக்கு மாறும், அவ்வளவுதான். மூலத் தொகுதியை நீக்க நினைப்பவருக்கு அது உதவும். இடம் தேடிய எனக்கு உதவவில்லை. சோதனை முடியும்வரை அதை விட்டுவைத்தேன்.

பிடிகளைப் பட்டியலிட ‘ஹோல்ட்ஸ்’ என்றொரு கட்டளை இருக்கிறது. பிடியின் பெயரையும் போட்ட நேரத்தையும் சொல்லும். போட்டவர் யாரென்று சொல்லாது. பெயர் ‘ஓடிட்’, ஆண்டு 2019. அந்த நாட்களில் இந்த வேலையைப் பார்த்தவர் இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். அழைத்துக் கேட்டேன்.

“அது மார்ச் 31 கணக்கு முடிவு. கணக்காய்வு முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று கணக்குப் பிரிவு அக்கா சொல்லியிருந்தார். அவரைக் கேட்காமல் எடுத்துவிடாதே.”

அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: “அதுவா? எப்போதோ முடிந்த விஷயம், தம்பி.”

பிடியை விடுவித்து அழித்தேன். வெற்றிடம் ஏறவே இல்லை என்று சொல்லலாம். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு ஸ்னாப்ஷொட்டுக்கு நேரே காட்டப்படும் அளவு, அதனிடம் மட்டுமே உள்ள தரவின் அளவு. பக்கத்து ஸ்னாப்ஷொட்டுகளோடு பகிர்ந்துகொண்டது அந்தக் கணக்கில் வராது. ஆகவே முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரிசையாகக் குறித்து, உண்மையில் அழிக்காமல் ஒத்திகை மட்டும் பார்க்கும்படி கட்டளை கொடுத்தேன். மீளக் கிடைக்கும் அளவு அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்தது. அழித்த பிறகும் இடம் பின்னணியில் மெதுவாகத்தான் விடுபடும். ‘ஃப்ரீயிங்’ என்ற எண் இறங்கி முடியும்வரை மேலாளரைத் தேநீர் குடிக்க அனுப்பிவைத்தேன்.

அக்காவுக்கு உறுதியாகத் தெரியாத ஒன்று மிஞ்சியது. அதைக் கட்டளையோடு சின்ன ‘டி’ எழுத்தைப் போட்டு, பிறகு அழிக்கச் சொல்லி வைத்தேன். பிடி இருக்கும்வரை அது இருக்கும். கடைசிப் பிடி விலகியதும் தானாகவே போய்விடும். இப்போது யாராவது பிடி போட வேண்டும் என்று கேட்டால், பிரிவின் பெயரோடு எந்த மாதத்தில் திரும்பக் கேட்க வேண்டும் என்பதையும் பிடியின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். கணக்குப் பிரிவு அக்கா மட்டும் மாதம் சொல்ல மறுக்கிறார். “தம்பி, அது அவர்கள் வந்து முடித்தால்தான் தெரியும்” என்கிறார்.