தலையைத் திருப்பினால் சத்தம் போடும் பொம்மை

கொகேஷி என்பது கைகால் இல்லாத ஜப்பானிய மரப்பொம்மை. அதை வாங்க டோக்கியோவே போதும். நினைவுப் பொருள் கடைகளில் வரிசையாக நிற்கும். ஆனால் அங்கே நான் பார்த்தவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த புதுபாணிப் பொம்மைகள். கிமோனோ உடுத்தியவை, பூனையைக் கட்டிக்கொண்டவை என்று விதவிதமாக இருந்தன. அழகில் குறையில்லை. எனக்கு வேண்டியது பழைய மரபு வகை. அதற்கு வடகிழக்கே, தோஹொகு மலைப்பக்கம் போக வேண்டும்.

மியாகி மாநிலத்தில் உள்ள நருகோவைத் தேர்ந்தெடுத்தேன். ஃபுருகாவா வரை புல்லட் ரயில், அப்புறம் மலையை நோக்கிப் போகும் சின்ன ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறியது. வெந்நீர் ஊற்று ஊர் அது. திரும்பிய பக்கமெல்லாம் கொகேஷி உருவம்தான், தொலைபேசிக் கூண்டு உட்பட.

இந்தப் பொம்மைக்கும் வெந்நீருக்கும் நேரடி உறவு உண்டு. மலைக்காடுகளில் கிண்ணமும் தட்டும் கடைந்து பிழைத்தவர்கள் கிஜிஷி எனப்படும் மரக் கடைசல்காரர்கள். எடோ காலத்தின் (1603–1868) கடைசிப் பகுதியில், வயல் வேலை ஓய்ந்ததும் உழவர்கள் உடம்பு வலி தீர இந்த ஊற்றுகளுக்கு வந்து தங்குவார்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கிப்போக, கடைசல்காரர்கள் செய்து விற்றதே கொகேஷி. நம் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானைப் போல இதுவும் கடைசலில் பிறந்த விளையாட்டுப் பொருள்தான். கையும் காலும் ஏன் இல்லை என்பதும் அதிலேயே விளங்கிவிடுகிறது. சுழலும் மரத்தில் உருண்டையும் உருளையும்தானே வரும்!

தெருவோரப் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் வேலையாக இருந்தார். நின்று பார்க்கலாமா என்று சைகையில் கேட்டேன், தலையசைத்தார். மிசுகி என்ற வெளிர்நிற மரம். பட்டையை உரித்து மாதக்கணக்கில் காயவிட்ட பிறகே கடைசலுக்கு ஏற்றுவார்களாம். உளி பட்டதும் மரம் நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது. பொம்மை சுழன்றுகொண்டிருக்கும்போதே தூரிகையை லேசாக வைத்தார். கழுத்தடியில் சிவப்பு வளையம் தானாகச் சுற்றிக்கொண்டது.

அடுத்ததாகச் செய்ததுதான் நருகோவின் தனி வித்தை. உடம்பில் ஒரு குழி, தலையின் அடியில் அதைவிடச் சற்றே பெரிய குமிழ். உடம்பு வேகமாகச் சுழல, தலையை அதன்மேல் வைத்து அழுத்தினார். உராய்வில் மரம் சூடேறி இளக, குமிழ் சட்டென்று உள்ளே இறங்கியது. ஆறியபின் வெளியே வராது, ஆனால் திருகலாம். திருகினால் 'கியூ கியூ' என்று கத்தும். பெரியவர் அதை என் காதருகே வைத்துத் திருகிக் காட்டிச் சிரித்தார். கண், மூக்கு எழுதும்போது மட்டும் கடைசலை நிறுத்திவிட்டார், பேச்சையும்.

ஊருக்குச் சற்று வெளியே, மேட்டில் ஜப்பான் கொகேஷி அருங்காட்சியகம் இருக்கிறது. 1975-ல் திறந்தது. மரபு வகைகளைப் பதினொன்று என்றும் சொல்கிறார்கள், பன்னிரண்டு என்றும் சொல்கிறார்கள். இடுப்பு சற்று ஒடுங்கி, உடம்பில் செவ்வந்திப் பூ இருந்தால் நருகோ. உச்சந்தலையிலிருந்து சிவப்புக் கோடுகள் விரிந்தால் தோகத்தா என்ற ஊரின் வகை. உச்சியில் கறுப்பு வளையங்கள் இருந்தால் ஃபுகுஷிமாப் பக்கத்துச் சுச்சியு. அரை மணி நேரம் சுற்றினால் நமக்கே பிடிபட்டுவிடுகிறது. வடிவத்தையும் பூவையும் குரு வழியில் வந்தபடியே செய்ய வேண்டும் என்பதால், செய்பவரின் கைச்சாயல் முகத்தில்தான் தெரிகிறது. ஒரே அச்சு போலத் தோன்றும் நூறு பொம்மைகளில், ஒன்று ஏளனமாகப் பார்க்கும், ஒன்று தூங்கி வழியும். புதுபாணிப் பொம்மையைவிட இது என்னை இழுப்பது அதனால்தான்.

வாங்குவதாக இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; செய்தவர் பெயரை மையால் எழுதியிருப்பார். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். சிறியதற்கே சில ஆயிரம் யென் ஆகும், பேரம் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் வைக்கக் கூடாது, வெயிலில் சாயம் வெளுத்துவிடும். நான் வாங்கியது தூங்கி வழிகிற முகம். வாங்கும் முன் தலையைத் திருகிப் பார்த்தேன், நன்றாகவே கத்தியது.