மயில் கதவுக்குள் இரண்டு இரவுகள்

சென்ற செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் நகரத்தின் கிரஷாம் மாளிகையில் இரண்டு இரவுகள் தங்கினோம். இன்று ஃபோர் சீசன்ஸ் நிறுவனம் நட்சத்திர விடுதியாக நடத்தும் கட்டடம் அது. எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கென்று மகன் செய்த ஏற்பாடு. ஓர் இரவுக்கான கட்டணம் என் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தாண்டும் என்பதை அவன் சொல்லாமல் மறைத்துவிட்டான். நானே இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பணத்தைத் திரும்பப் பெற முடியாத பதிவு என்று தெரிந்த பிறகுதான் கிளம்பச் சம்மதித்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த விதம் அப்படிப்பட்ட விடுதிக்குச் சற்றும் பொருந்தாதது. விமான நிறுவனம் எங்கள் இரண்டு பெட்டிகளையும் வழியில் எங்கோ விட்டுவிட்டது. இரவு முழுக்கப் பயணம் செய்து கசங்கிய சட்டையோடு நானும், மருந்து மாத்திரைகளும் ஒரு டப்பா பருப்புப் பொடியும் இருந்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளும் வாசலில் போய் நின்றபோது, கதவைத் திறந்துவிட்டவர் எங்கள் பின்னால் பெட்டியைத் தேடினார். இல்லை என்று தெரிந்ததும், மிகுந்த மரியாதையோடு அந்தத் துணிப்பையையே வாங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "பருப்புப் பொடிக்கு இப்படி ஒரு மரியாதையா?" என்று அவள் என் காதோடு கேட்டாள்.

நான் அரசுத் துறையொன்றில் கட்டடப் பொறியாளராக 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பேன், பிறகு சுவரும் தரையும் சேரும் மூலையைப் பார்ப்பேன், அதன் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படும். கிரஷாமில் மட்டும் அந்த வழக்கம் வாசலிலேயே தடைபட்டது. காரணம் கதவு. பட்டறையில் காய்ச்சி அடித்த இரும்பில் மயில்கள். மயில் உருவம் கதவின் மேல் ஒட்டிய அலங்காரமாக இல்லை. தோகையின் வளைவுகளே கம்பிகளாகக் கீழிறங்கி, கதவைத் தாங்கும் சட்டமாகவும் வேலை செய்கின்றன. இரும்பைச் சூடு குறையக் குறைய எத்தனை முறை உலையில் வைத்து எடுத்திருந்தால் அந்த வளைவு வந்திருக்கும் என்று கொல்லன் பட்டறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். யுங்ஃபர் டியூலா என்ற கொல்லரின் பட்டறை செய்த வேலை அது. (ஹங்கேரியில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு அதில் குழப்பமே இல்லை. குழம்புகிறவர்கள் மற்ற ஐரோப்பியர்கள்தான்.)

கதவைத் தாண்டினால் கண்ணாடிக் கூரையிட்ட நடைபாதை. அந்தக் கூரையின் கீழே சிறு சிறு துண்டுகள் பதித்த தரையும், சுவரில் ஷோல்நாய் நிறுவனத்தின் சுட்ட மண் ஓடுகளும். ஹங்கேரியின் தெற்கே பேச் என்ற ஊரில் 1853-இல் தொடங்கிய மண்பாண்டத் தொழிற்சாலை அது. கடுங்குளிரில் உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிந்து ஓட்டைப் பிளந்துவிடும் என்பது குளிர்நாட்டுக் கட்டடங்களுக்கு இருக்கும் பெரிய தொல்லை. அதைத் தாங்கும்படி மிக அதிகச் சூட்டில் சுட்ட ஒருவகை ஓட்டை இவர்கள் உருவாக்கினார்கள். புடாபெஸ்ட்டில் மத்தியாஸ் தேவாலயத்தின் கூரையில் வெயில் பட்டுப் பளபளப்பவையும் இவர்களுடைய ஓடுகளே. நான் சுவரில் கைவைத்துத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்து, பதிவு மேசையிலிருந்த இளம்பெண் உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த மாளிகை விடுதியாகக் கட்டப்பட்டதன்று. லண்டனைச் சேர்ந்த கிரஷாம் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் அயல்நாட்டு அலுவலகத்துக்காகவும், வாடகை வரும் முதலீடாகவும், 1904 முதல் 1906 வரை கட்டியது. குவிட்னர் ஷிக்மோண்ட் என்ற கட்டடக் கலைஞரும் அவரோடு வாகோ சகோதரர்களும் வடிவமைத்தார்கள். மேலே அலுவலகத்தோடு சேர்த்துச் செல்வந்தர்களுக்கான குடியிருப்புகள். அந்தக் காலத்திலேயே கட்டடம் முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து வெப்பம் போனது. தூசி உறிஞ்சும் குழாய்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருந்தார்களாம், வீட்டிலுள்ளவர்கள் ரப்பர்க் குழாயைச் சுவரில் செருகிப் பெருக்கி முடித்துவிடலாம். இதைக் கேட்டதும் என் மனைவி, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள், நீங்கள் கட்டிய வீட்டில் துடைப்பம் மாட்டுவதற்கு ஓர் ஆணிகூட இல்லை என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

முகப்பின் உச்சியில் தாமஸ் கிரஷாமின் உருவம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் லண்டன் வணிகர். நிறுவனம் அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்ற பொருளாதார விதியும் அவர் பெயரில் வழங்குகிறது. என் மகனின் நல்ல பணம் அன்று எந்த வழியாகப் போனது என்று அவரை அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் கீழ்த்தளத்துக் காப்பிக் கடையில் ஓவியர்கள் கூடி, கிரஷாம் வட்டம் என்றே ஒரு குழுவுக்குப் பெயர் வந்துவிட்டது. பிறகு போர். 1945-இல் நகரம் முற்றுகையில் சிதைந்தபோது கட்டடமும் அடிபட்டது, சோவியத் படைவீரர்கள் அதில் தங்கினார்கள். அதன்பின் வந்த பொதுவுடைமை ஆட்சியில் பெரிய வீடுகள் சிறு வீடுகளாகத் தடுக்கப்பட்டு, சாதாரணக் குடும்பங்கள் வாடகைக்குக் குடிவந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அப்படியே போயிற்று. மாளிகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1906-லிருந்து ஒரே தாவாகத் தாவி, விடுதி திறந்த 2004-இல் வந்து குதிக்கிறார்கள். எனக்கு அந்த நடுவிலுள்ள ஆண்டுகள்தான் முக்கியமாகப் பட்டன. மயில் கதவைத் திறந்துகொண்டு யாரோ உருளைக்கிழங்குப் பையோடு உள்ளே வந்திருப்பார்கள். பிள்ளைகள் அந்த நடைபாதையில் பந்து விளையாடியிருப்பார்கள். சுவருக்குள் இருந்த தூசிக் குழாயில் எலி குடியிருந்திருக்கும்.

1990-இல் ஹங்கேரி அரசு கட்டடத்தை நகராட்சியிடம் ஒப்படைத்தது. அதைச் சொகுசு விடுதியாக மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தபோது குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். அங்கே வாழ அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. வழக்கு முடிந்து கட்டடம் கைமாற 1998 ஆயிற்று. அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று கட்டடத்துக்குள் எந்தப் பலகையும் சொல்லவில்லை. பழுதுபார்த்த வேலையை எவ்வளவு மெச்சினாலும் இந்த ஒரு குறை என் நெஞ்சில் நின்றது. ஆனால், அவர்கள் அத்தனை காலம் அங்கே புழங்கியதால்தான் கட்டடம் நின்றது என்றும் தோன்றியது. ஆள் புழங்கும் வீட்டில் ஓடு ஒழுகினால் யாராவது ஒருவர் சத்தம் போடுவார். பூட்டிக் கிடக்கும் கட்டடம் சத்தமில்லாமல் சாகும்.

அந்த இரண்டாவது வகைக் கட்டடம் ஒன்றின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. 1990-களின் நடுவில், நான் இளநிலைப் பொறியாளனாக இருந்த ஊரில், பூட்டிக் கிடந்த பழைய அலுவலக பங்களா ஒன்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களுக்கு மேலே சப்பையான சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்காகக் குத்திட்டு அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டி இறுக்கிய கூரை. மூன்று உத்தரங்களில் கறையான் ஏறியிருந்தது. மூன்றை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றுவதற்கு மதிப்பீடு போட்டால் கோப்பு நகராது, இடித்துக் கட்டுவதற்குப் போட்டால் நகரும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இடிக்க வந்தவர்கள் நான்கு நாளில் முடியும் என்றார்கள், பதினாறு நாள் ஆயிற்று. அந்தக் கூரை அவ்வளவு எளிதில் விழ மறுத்தது.

கிரஷாமின் தரையில் முழங்காலிட்டுப் பார்த்தபோது அந்தப் பதினாறு நாளும் நினைவுக்கு வந்தன. (முழங்காலிட்டதற்கு மூக்குக் கண்ணாடி விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன்.) பதித்த துண்டுகளில் சில இடங்களில் நிறம் ஒரு நூலிழை மாறுகிறது. பழையது எது, பிறகு பதித்தது எது என்று உற்றுப் பார்த்தால் ஊகிக்கலாம், நின்று பார்த்தால் தெரியாது. பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதுத் தரை போடுவது எவ்வளவு மலிவாக முடிந்திருக்கும் என்று என் கை தானாகவே கணக்குப் போட்டது. அந்த மாளிகையில் எனக்குக் கிடைத்த சொகுசு அதுதான்: மலிவான வழியைத் தேர்ந்தெடுக்காத ஒருவருடைய வேலையின் மேல் வெறுங்காலோடு நடந்தது. பட்டு மெத்தையையும் பளிங்குக் குளியலறையையும் பணம் உள்ள எந்த ஊரிலும் வாங்கிப் போட்டுவிடலாம். படிக்கட்டுச் சன்னலில் ரோட் மிக்ஷா என்ற கலைஞர் செய்த வண்ணக் கண்ணாடியை அப்படி வாங்க முடியாது. காலை வெயிலில் அதன் நிறங்கள் படியில் விழுந்து கிடந்ததைப் பார்க்க அவளை எழுப்பிக் கூட்டிவந்தேன். மின்தூக்கி இருக்கும்போது எதற்கு மாடிப்படி என்று கேட்டவள், பார்த்த பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் அறைச் சன்னலுக்கு நேரே தன்யூப் ஆறும் சங்கிலிப் பாலமும். 1849-இல் திறக்கப்பட்டது, அதற்கு முன் ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த புடாவுக்கும் பெஸ்டுக்கும் இடையே நிலையான பாலமே இல்லை. குளிர்காலத்தில் பனிக்கட்டி மிதக்கும்போது அக்கரை போக வழியில்லாமல், தந்தையின் இறுதிச் சடங்குக்குச் செல்ல ஒரு வாரம் காத்துக்கிடந்தாராம் சேச்செனி இஷ்த்வான் என்ற பிரபு. பாலம் கட்டியே தீருவது என்ற பிடிவாதம் அவருக்கு அதில் பிறந்தது என்பார்கள். விடுதிக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கு இப்போது அவர் பெயர்தான். சதுக்கத்தின் ஓரத்திலேயே நிற்கிறது ஹங்கேரி அறிவியல் கழகம். அதைத் தொடங்க 1825-இல் அவர் தம் ஓராண்டு வருமானத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு மாத ஓய்வூதியத்துக்காக மகனிடம் முறைத்துக்கொண்டவன் அந்த வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.

பாலத்தை வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க் என்ற ஆங்கிலேயர். ஊரிலேயே இருந்து கட்டி முடித்தவர் ஆதாம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ஒற்றுமை தவிர உறவு கிடையாது. 1849-இல் ஆஸ்திரியப் படை பாலத்தைத் தகர்க்க முயன்றபோது, சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் நிலவறைகளில் இந்த ஆதாம் தண்ணீரை நிரப்பிவிட்டார் என்று படித்தேன். ஒரு பொறியாளன் தன் கட்டுமானத்துக்காகச் செய்யக்கூடியதை அவர் செய்தார். ஆனால் 1945 சனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைத் தகர்த்தே விட்டது. மீண்டும் கட்டி, திறந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாளில், 1949 நவம்பர் 20 அன்று, மறுபடியும் திறந்தார்கள். அண்மையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழுதுபார்த்து 2023-இல் முழுதாகத் திறந்ததிலிருந்து தனியார் கார்களை அதில் விடுவதில்லை. பேருந்தும் வாடகைக் காரும் மிதிவண்டியும்தான் போகின்றன. இரவில் விளக்குகளுக்குக் கீழே அது அமைதியாகக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. இருவரும் சைவம். காலை உணவில் ரொட்டியும் பழங்களும் போதுமானவையாக இருந்தன. மதியம் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய கடையில் புளிப்புச் செர்ரியில் செய்த குளிர்ந்த சூப்பை முதலிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். "பாயசத்தை ஏங்க முதல்ல வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பெட்டிகள் இரண்டாம் நாள் இரவு பதினோரு மணிக்கு வந்தன, ஒன்றில் சக்கரம் உடைந்து. அதற்குள் அவை இல்லாமல் இருக்கப் பழகியிருந்தோம். விடுதிக்காரர்கள் முதல் நாளே சட்டையைத் துவைத்து, மடித்து, மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சட்டை அதன் வாழ்நாளில் அவ்வளவு மிடுக்காக என்றும் இருந்ததில்லை. காலையில் கிளம்பும்போது அவள் மயில் கதவருகே நின்று, தோகையின் ஒரு கம்பியை விரலால் கீழிருந்து மேலே வரை தடவிப் பார்த்தாள். பிறகு, "நீங்க இடிச்சீங்களே ஒரு பங்களா, அதுக்கு வாசல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. உத்தரங்களின் எண்ணிக்கை நினைவிருக்கிறது, அளவு நினைவிருக்கிறது, மதிப்பீட்டுத் தொகைகூட நினைவிருக்கிறது. வாசல் இல்லை.

அந்த பங்களாவின் கூரையிலிருந்து விழுந்த சப்பைச் செங்கல் ஒன்றை அன்று ஏனோ வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். ஊர் திரும்பியதும் மொட்டை மாடிக்குப் போய்த் தேடினேன். துளசித் தொட்டி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். ஒரு விளிம்பில் சுண்ணாம்பு இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.