அப்பாவுக்குச் சில்லுமூக்கு உடைந்த இரவு

கச்சான் காற்று மணலை அள்ளி வீசுகிற ஆடி மாதம். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து அப்பா கை கழுவக் குனிந்தார். வலது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. "சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு, ஒண்ணுமில்ல தாயி" என்றார். 63 வயது, இன்னமும் நாட்டுப்படகில் போகிறவர்.

பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து அண்ணாந்து படுக்கச் சொன்னார். நான்தான் தலையணை எடுத்துப் போட்டேன். உச்சந்தலையில் தண்ணீர் தெளித்தோம், வெங்காயத்தை நறுக்கி முகர வைத்தோம். மூக்கில் வருவது குறைந்தது, சரி நின்றுவிட்டது என்று இருந்துவிட்டோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கருஞ்சிவப்பாக, கட்டிகட்டியாக ரத்தம். அண்ணாந்து படுத்ததில் அத்தனையும் தொண்டை வழியாக வயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. அது தெரியாமல் குடல் வெந்துபோய்விட்டதோ என்று பயந்து அழுதேன்.

108-இல் வந்த தம்பிதான் சரியாகச் செய்தார். அப்பாவை உட்காரவைத்து, லேசாக முன்னால் குனியச் சொல்லி, மூக்கு எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கிற இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்தார். வாயால் மூச்சு விடவேண்டும், வாய்க்கு வருகிற ரத்தத்தை விழுங்காமல் துப்பவேண்டும். 15 நிமிடம் விரலை எடுக்கவே கூடாது. "நின்னுச்சான்னு ஒவ்வொரு நிமிஷமும் எடுத்துப் பாத்தா, உறைய ஆரம்பிச்சது உடைஞ்சிரும்க்கா." அப்புறம் பிடியை என்னிடம் கொடுத்தார். பாம்பன் பாலத்தில் வண்டி காற்றில் ஆட, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு பிடித்திருந்தேன். குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது பிரஷர் 190/110. மூக்கில் மருந்து தடவிய நாடாத் துணியை மடித்து மடித்து அடைத்தார்கள். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் மணிக்கட்டு சிவந்துபோனது.

பிரஷர் ஏறினால் மூக்கு உடையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூக்கில் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. வறண்ட காற்றிலோ, விரல் பட்டோ, சளியாலோ அவை உடையலாம். ரத்தக் கொதிப்பின் வேலை வேறு: பல வருடமாகக் கட்டுப்பாட்டில் இல்லாத கொதிப்பு குழாய்களின் சுவரைத் தடித்து விறைக்கச் செய்துவிடும். உடைந்த குழாய் சுருங்கித் தன்னை மூடிக்கொள்வது கடினமாகிறது, உள்ளிருந்து அழுத்தமும் தள்ளுகிறது. அதனால் ரத்தம் எளிதில் நிற்பதில்லை. வயதானவர்களுக்கு மூக்கின் பின்பக்கம் உடைந்தால் வெளியே தெரியாமல் தொண்டைக்குப் போகும். பயத்திலும் அளவு ஏறும் என்பதால், அந்த 190-ஐ மட்டும் வைத்து முடிவு கட்டாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்த்தார்கள். அப்போதும் 160-க்குக் கீழே வரவில்லை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வீடு தேடி வந்து தந்த பிரஷர் மாத்திரையை அப்பா மூன்று மாதமாக விழுங்கவே இல்லை. "தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லையே" என்றார். கொதிப்பு இருக்கிற பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது, மூக்கும் உடையாது. அதை அன்றுவரை எங்களுக்கு யாரும் உறைக்கும்படி சொன்னதில்லை. இன்னொன்றும் உண்டு. வலை இழுத்து இடுப்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் தானாகவே வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வகை மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். கடலுக்குப் போகிறவர்கள் வீடுகளில் இது இல்லாத வீடு குறைவு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் துணியை எடுத்தார்கள். ஒரு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், பளு தூக்கக் கூடாது. உள்ளே தடவ களிம்பு கொடுத்தார்கள்.

கருவாடுதான் வீட்டில் பெரிய போராட்டம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்கவேண்டுமாம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? இப்போது பச்சை மீன்தான், கருவாடு எப்போதாவது. மாத்திரை அட்டையை அவர் கடலுக்கு எடுத்துப்போகிற சோற்று வாளிக்குள் வைத்துவிடுகிறேன். நேற்றுப் பார்த்தபோது 134/84.