நோய் மார்பில், அறுவை வயிற்றில்

மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்ட நிலையில், கருமுட்டை உருவாகும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்று மதுரையில் மருத்துவர் சொன்னபோது, பாம்பனிலிருந்து சென்றிருந்த எங்கள் மதினி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நோவு ஒரு எடம், கத்தி ஒரு எடமா தம்பி?"

கேள்வி நியாயமானது; பதில் 1895ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. கன்று ஈன்ற பசுவின் சினைப்பைகளை நீக்கினால் அது நெடுநாள் பால் சுரக்கும் என்ற செய்தியிலிருந்து, மடிக்கும் சினைப்பைக்கும் தொடர்பு உண்டு என்று ஊகித்த கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், நோய் முற்றிய ஓர் இளம்பெண்ணுக்கு அவ்வறுவையைச் செய்தார், கட்டிகள் கரைந்தன. ஹார்மோன் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் சினைப்பையிலிருந்தே வருகிறது என்பதும், மார்பகப் புற்றுகளில் பல அதை உண்டே வளர்கின்றன என்பதும் பின்னர் தெளிவாயின.

ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பலன் கிடைத்தது. அவர் யார் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. எஞ்சி வரும் ஈஸ்ட்ரோஜனையும் நிறுத்த, 1950களில் சிகாகோவில் மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளையும், ஸ்டாக்ஹோமில் வேறு சிலர் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் நீக்கிப் பார்த்தனர். அப்பெண்கள் எஞ்சிய காலமெல்லாம் அட்ரீனல் ஹார்மோனுக்கு மாற்றான கார்டிசோன் மருந்தை நம்பி வாழ வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. பிறகு விஞ்ஞானி எல்வுட் ஜென்சன் கண்டறிந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் (ஈ.ஆர்., செல்லில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம்), அந்த ஏற்பியை அடைக்கும், 1970களில் வந்த டமாக்சிஃபென் மாத்திரையும், அடுத்து வந்த மாத்திரைகளும் அவ்விரு அறுவைகளையும் ஓரங்கட்டின.

சினைப்பை அறுவை மட்டும் நிலைத்துவிட்டது. திசுப் பரிசோதனையில் ஈ.ஆர். பாசிட்டிவ், அதாவது புற்றில் அந்த ஏற்பி உண்டு என்று வந்த, மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கே அது பொருந்தும். மாற்றாக, சினைப்பையை அடக்கிவைக்கும் ஊசியை மாதந்தோறும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாலம் கடந்து மதுரைக்குப் போய்வரும் செலவும், கடலை நம்பிய குடும்பத்தின் ஒழுங்கற்ற வருமானமும் ஊசி தவறிப்போகக் காரணமாகிவிடும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஒரே முறையில் முடியும் அறுவையை ஏழைக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று நான் கருதவில்லை. எனினும் அது மீளாதது. மாதவிலக்கு ஒரே நாளில் நின்று, உடல் கொதிக்கும், எலும்பு மெலியும், இனிக் குழந்தை இல்லை. இவற்றை ஒப்புதல் வாங்கும் முன்பே பெண்ணிடம் சொல்ல வேண்டும், கணவரிடம் மட்டும் அல்ல.

அறுவைக்குப் பின்னும் லெட்ரோசோல் மாத்திரை எதற்கு என்று மதினி சலித்துக்கொண்டார். அட்ரீனல் தரும் மூலப்பொருளைக் கொழுப்புத் திசு சிறிதளவு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க அன்று ஹக்கின்ஸுக்குக் கத்தி தேவைப்பட்டது, மதினிக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும்.