ஓவன் கதவு கண்ணாடி: மூணு வாரம் மல்லுக்கட்டி இப்பதான் உள்ள தெரியுது

நான் ஹட்டன்ல இருக்கேன், வீட்லயே கேக் போட பழகிக்கிட்டு இருக்கேன். கொழும்புக்கு வீடு மாறிப்போன ஒருத்தங்ககிட்ட பழைய கரண்ட் ஓவன் ஒன்னு வாங்குனேன், நல்லா சூடாகுது, தட்டு எல்லாம் சரி, ஆனா கதவு கண்ணாடி மட்டும் கடுஞ்சாயம் ஊத்தி காயவச்ச மாதிரி பழுப்பு, உள்ள லைட் எரியுதா இல்லையான்னே தெரியாது.

எங்க ஊர் பக்கம் அது பெரிய பிரச்சின. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கம்மி, அதனால பேக்கிங் பவுடர்ல வர்ற வாயு கூடுதலா விரிஞ்சு கேக் சட்டுன்னு எழும்பும், நடுப்பகுதி வேகறதுக்குள்ள குழி விழுந்துரும். பக்கத்துலயே நின்னு பாக்கணும். பாக்கறதுக்குன்னு கதவ தொறந்தா சூடு இறங்கி அதுக்கும் உக்காந்துரும். ரெண்டு பட்டர் கேக் அப்பிடியே போச்சு, முட்டை விக்கிற விலைக்கு மனசு வலிச்சது. அதான் கண்ணாடிய கழுவியே தீரணும்னு எறங்குனேன்.

முதல் வாரம். சவர்க்காரம், சுடுதண்ணி, ஸ்பொஞ்ச். ஒன்னும் அசையல. எண்ணெய் திரும்பத் திரும்ப சூடாகி வார்னிஷ் மாதிரி இறுகிப்போனா சவர்க்காரத்துக்கு அது கரையாது, சோடா மாதிரி காரத்தன்மை உள்ளது ஏதாவது வேணும். அம்மா பாத்துட்டு, "அடுப்பு சாம்பல போட்டு தேய் புள்ள, பித்தளை செம்பே பளிச்சுன்னு வருது"ன்னாங்க. சாம்பல்லயும் காரம் இருக்கு, அம்மா சொன்னது தப்பே இல்ல, ஆனா அதுல நறநறன்னு மண்ணும் கரித்துண்டும் கெடக்கும், கண்ணாடியில கீறல் விழும். ஓவன் கண்ணாடி சூடு தாங்குறதுக்காக இறுக்குன கண்ணாடி, ஆழமா கீறல் விழுந்தா இல்ல ஓரத்துல ஒரு சில்லு போனா, பிறகு சூட்டுல மொத்தமா நொறுங்கிப்போகலாம். பாத்திரம் தேய்க்கிற கம்பியும் அதனாலதான் கூடாது.

அப்பச்சோடாவுக்கு போனேன். மூணு கரண்டிக்கு ஒரு கரண்டி தண்ணி விட்டு குழைச்சு கதவ தொறந்து படுக்கவச்சு பூசுனேன், ராத்திரி முழுக்க விட்டேன். காலையில பாத்தா காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஒட்டி நிக்குது, கறை பாதிதான் வந்துச்சு. ரெண்டாவது தடவை ஓவன கொஞ்சமா சூடாக்கி நிப்பாட்டி, கை வச்சா இதமா இருக்கிற அளவு ஆறுனதும் பூசி, மேல ஈரத்துணி ஒன்ன விரிச்சு விட்டேன், ஒரு மணித்தியாலத்துலயே பழுப்பு இளகி துணியோட வந்துருச்சு. குளிர்ல சோடா மெதுவாத்தான் வேலை செய்யும், காஞ்சு போனா வேலையே செய்யாது, எங்க வீட்டு குளிருக்கு இந்த ரெண்டும்தான் முக்கியம். சூடான கண்ணாடியில மட்டும் பச்சத்தண்ணி படவே கூடாது.

சோடாவோட வினாகிரி ஊத்துனா பொங்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா காரமும் புளிப்பும் ஒன்ன ஒன்னு தின்னுட்டு ரெண்டுக்கும் சக்தி போயிரும். வினாகிரிய கடைசிக்கு வச்சுக்கங்க.

மிச்சம் நின்ன புள்ளிகளுக்கு புது சவர பிளேடு ஒன்ன கண்ணாடி ஈரமா இருக்கும்போதே படுக்கவச்சு தள்ளுனேன், உரிஞ்சு வந்துச்சு. கடையில விக்கிற காஸ்டிக் சோடா கிளீனர் நான் எடுக்கல, கதவு சட்டம் அலுமினியம், அத அரிச்சிரும்.

இப்ப உள்பக்கம் சுத்தம், ஆனாலும் மங்கல். டோர்ச் அடிச்சு பாத்தாத்தான் தெரிஞ்சுச்சு, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல கறை வழிஞ்சு நிக்குது. கதவு மேல் விளிம்புல காத்து போற ஓட்டை இருக்கு, அது வழியா உருகுன பட்டர் இறங்கியிருக்கு.

ரெண்டாவது வாரம் கதவ கழட்டுனேன். இத கவனமா வாசிங்க. மெயின் சுவிட்ச நிப்பாட்டி, கதவ முழுசா தொறந்து, ரெண்டு கீலுலயும் இருக்கிற சின்ன கொக்கிய மடக்கி பூட்டணும், பிறகு பாதி மூடி மேல தூக்கணும். கொக்கி பூட்டாம தூக்குனா ஸ்பிரிங் அடிச்சு விரல் நசுங்கிரும். பாரமான கதவு, தம்பி ஒரு பக்கம் புடிச்சான். எல்லா ஓவனும் ஒரே மாதிரி இல்ல, எங்களோடதுல விளிம்புல நாலு ஸ்குரூ, ஒன்னு துருப்புடிச்சு சுத்தவே இல்ல, எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு மறுநாள்தான் கழண்டுச்சு. ஒவ்வொன்னா கழட்டும்போது போன்ல போட்டோ எடுத்துக்கங்க, கண்ணாடி எந்தப் பக்கம் உள்ள பாத்துச்சோ அப்பிடியேதான் திரும்பவும் போகணும். பழைய கம்பளிய விரிச்சு அதுல படுக்கவச்சு கழுவுனேன். கதவ சுத்தி இருக்கிற ரப்பர்ல சோடா வைக்காம சவர்க்காரத்தண்ணி துணியால மட்டும் ஒத்தி எடுத்தேன்.

மறுபடி பூட்டி சூடாக்குனா நடுவுல பனிமூட்டம் மாதிரி புகைஞ்சு நிக்குது! ஜூன் மாசம், வெளிய விடாம மழை, துணியால தொடச்சத காஞ்சிருச்சுன்னு நம்பிட்டேன். கொஞ்ச நேரத்துல ஈரம் போயிருச்சு, ஆனா வெள்ளை வெள்ளையா கோடு, சோடா சரியா போகல. மூணாவது வாரம் திரும்ப கழட்டல். இந்த தடவை பாதி வினாகிரி பாதி தண்ணியில தொடச்சு, சுத்தத் துணியால ரெண்டு தரம் தொடச்சு, விறகடுப்பு இருக்கிற ரூம்ல அடுப்புக்கு எட்டத்துல ராத்திரி முழுக்க சுவர்ல சாய்ச்சு வச்சேன். காலையில பூட்டுனேன், மூட்டமும் இல்ல, கோடும் இல்ல.

நேத்து பட்டர் கேக் போட்டேன். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்கு முக்கால்தான். ஸ்டூல் போட்டு முன்னாடியே உக்காந்துட்டேன், ஓரம் முதல்ல ஏறி, பிறகு நடுவு மெல்ல எழும்பி, மேல லேசா வெடிச்சு நெறம் புடிக்கிறது வரைக்கும் எல்லாம் தெரிஞ்சுச்சு. கதவ ஒரு தடவைகூட தொறக்கல. வெளிய எடுத்து ஆறுன பிறகும் குழி விழல. அம்மாவும் வந்து குனிஞ்சு பாத்தாங்க. கீழ் மூலையில ஒரு ரூவா காசளவு கறை இன்னும் இருக்கு, அத அடுத்த தடவை பாத்துக்கறேன்.