தலையணையிலிருந்து பார்க்கும் அறை

மார்ச் 8

ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகிறவன் நாளெல்லாம் படுத்திருக்கப் போகும் அறை இது, வெள்ளவத்தையில். அவனுக்காகத்தான் இந்த வேலை. சுவரில் ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாயிற்று. யன்னலின் இடது மூலையிலிருந்து ஒரு முழம் கீழே இறங்கி நிற்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் திகதி. நிறம், படம், லைற் எல்லாம் இந்தக் கோடு என்ன செய்கிறது என்று பார்த்த பிறகுதான்.

மார்ச் 9

பொலித்தீன் ஒட்டியிருக்கிறேன். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பொலித்தீன், நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப். இரண்டு நாள் தொடக்கூடாது. சுவரைப் பார்த்த பக்கம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் துளிர்த்தால் அது காற்றில் உள்ள ஈரம். அதற்கு யன்னலைத் திறந்து, அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்தாலே பாதி தீரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பார்க்காமல் பெயின்ற் வாங்கப் போகிறவர்கள்தான் வருடா வருடம் அதே மூலையைச் சுரண்டுகிறார்கள்.

மார்ச் 10

கட்டிலில் படுத்து அறையைப் பார்த்தேன். எல்லாரும் செய்ய வேண்டிய வேலை இது, வாசலில் நின்று பார்ப்பது போதாது. படுத்திருப்பவனுக்குத் தெரிவது கூரைத்தட்டு, ஃபான், எதிர்ச்சுவரின் மேல்பாதி, அலுமாரி உச்சியில் அடுக்கிய பெட்டிகள். அவ்வளவுதான். நாம் ஆசை ஆசையாக அலங்கரிக்கும் இடமெல்லாம் நிற்பவர்களின் கண் உயரம். சாய்ந்து உட்கார்ந்தால் கண் நிலத்திலிருந்து மூன்றரை அடி. கால்மாட்டுச் சுவரில் படத்தின் நடு நாலு, நாலரை அடியில் வந்தால் கழுத்து நோகாது. முழுக்கப் படுத்துவிட்டால் கூரைத்தட்டுத்தான் சுவர். ஆகவே காசும் நேரமும் முதலில் மேலே.

அலுமாரி உச்சியைக் காலி பண்ண வேண்டும். சூட்கேஸ் முழுவதையும் கட்டிலுக்குக் கீழே.

கைக்கு எட்டும் தூரமும் அளந்தேன். தோளைத் தலையணையிலிருந்து எடுக்காமல் எட்டக்கூடியது இரண்டடிக்குள். தண்ணீர், புத்தகம், லைற் சுவிட்ச், மணி நாலும் அதற்குள் இருக்க வேண்டும்.

மார்ச் 11

துளி சுவர்ப் பக்கம்.

மார்ச் 12

மேசன் பாஸ் வெளியிலிருந்து பார்த்தார். நினைத்த இடம்தான்: யன்னல் அடித்தட்டுக்கு வெளிப்பக்கச் சரிவு இல்லை, கீழ்விளிம்பில் நீர் சொட்டுவதற்கான காடியும் (நீளப் பள்ளம்) இல்லை. கடல் காற்றோடு சாய்ந்து வரும் மழை தட்டின் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குள் இறங்குகிறது. செய்ய வேண்டியது மூன்று. தட்டை வெளியே சரிய விட்டுச் சிமெந்து பூசுவது. விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, 10 மில்லிமீற்றர் அகலத்தில் காடி வெட்டுவது. யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பைப் பொலியூரிதேன் சீலன்ற் போட்டு அடைப்பது.

உள்ளே ‘வோட்டர்புரூஃப்’ பூச்சு அடிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். தண்ணீர் வரும் வழி திறந்திருக்கையில் உட்பக்கத்தை மூடினால் ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கும், பெயின்ற் கொப்புளித்துக் கழன்று வரும். வெளியே மூடு, உள்ளே திற. வேறு வழி இல்லை.

உப்புப் பூத்த இடத்தை உலர்ந்த தும்புப் பிரஷால் தட்டி, விழுந்ததைக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் போட்டுக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் பிளாஸ்ரருக்குள்ளேயே போய்விடும்.

மார்ச் 15

டொக்டர் இன்னும் திகதி சொல்லவில்லை.

மார்ச் 17

ரயில். அவன் கேட்கப் போவது அதைத்தான். யன்னல் இருப்பது கட்டிலின் தலைமாட்டுப் பக்கம். கரையோரப் பாதையில் தெஹிவளைப் பக்கமிருந்து வரும் ரயில் சத்தம் கேட்கும், தெரியாது. கட்டிலைத் திருப்ப இடமில்லை. ஆகவே கண்ணாடி.

இடம் பிடிக்கும் முறை: ஒருவர் தலையணையில் தலை வைத்துப் படுக்க வேண்டும், மற்றவர் ஒரு சின்ன முகக்கண்ணாடியை எதிர்ச்சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும். தண்டவாளம் தெரியும் இடத்தில் நாலு மூலையையும் பென்சிலால் குறிக்க வேண்டும். படுத்த கண்ணுக்கு மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருக்கும். மேல் இரண்டு கொளுக்கிக்கும் சுவருக்கும் இடையில் மரத்துண்டு வைத்தால் சாய்வு வரும். இரண்டடிக்கு ஒன்றரை அடி போதும்.

படுக்கைக்கு எதிரே என்பதால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் வாங்கலாமா என்று யோசித்தேன். மெல்லிய அக்ரிலிக் சூட்டில் வளைந்து ரயிலை நெளியவைக்கும். 4 மில்லிமீற்றர் கண்ணாடிதான் சரி, முதுகில் சிதறாமல் பிடிக்கும் ஃபிலிம் ஒட்டி. கடலோர வீடுகளில் கண்ணாடியின் விளிம்பு கறுத்துப்போவது உப்பும் ஈரமும் பின்பூச்சுக்குள் ஏறுவதால். வாங்கிய அன்றே விளிம்பு நாலிலும் தெளிந்த வார்னிஷ் இழுத்துவிட வேண்டும். ஒட்டுவதானால் நியூட்ரல் சிலிக்கன். வினாகிரி மணக்கும் சாதாரண சிலிக்கன் பின்னாலுள்ள வெள்ளியை அரித்து, சில மாதத்தில் முன்னால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

ஒரு கவலை மிச்சம். யன்னல் மேற்கு. ஐந்து மணி வெயிலை அதே கண்ணாடி அவன் கண்ணிலேயே கொண்டுவந்து போடுமா?

மார்ச் 18

கோட்டுக்கு உள்ளே அரை அங்குலம் சுருங்கியிருக்கிறது. இரண்டாவது கோடு, திகதி.

மார்ச் 21

நிறம். சுவரிலேயே நாலைந்து கட்டம் அடித்துப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்து நிறமும் பழைய சுவரும் கண்ணைக் குழப்பும், கட்டத்தின் விளிம்பு புதுப் பூச்சுக்கு அடியில் தடிப்பாகத் தெரியும். ஹார்ட்போர்ட் துண்டுகளில் இரண்டு கோட் அடித்து, சுற்றிவரக் கொஞ்சம் வெள்ளை விட்டு, காலை, மதியம், ஐந்தரை, இரவு லைற் என நாலு நேரமும் சுவர் சுவராக மாற்றிச் சாய்த்துப் பார்க்கிறேன்.

மேற்கு அறைக்கு மஞ்சள் ஆகாது. காலையில் அழகு, மாலையில் செம்மஞ்சளாகிக் கனக்கும். நாளெல்லாம் படுத்திருப்பவனுக்கு அது புழுக்கம். மங்கிய கடல்பச்சை மாலை வெயிலிலும் நிதானமாக நிற்கிறது. 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் லைற்றில் சற்றுச் சாம்பலாகிறது, பரவாயில்லை. கூரைத்தட்டுக்கு அதே பச்சையில் கால்பங்கு, மீதி வெள்ளை. கட்டாயம் மாற், அதாவது பளபளப்பில்லாத பெயின்ற். பளபளப்பு இருந்தால் ஃபான் இறக்கையின் நிழலும் லைற்றின் பிரதிபலிப்பும் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும்.

கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையாக இருந்த 4 சின்ன வீடுகளை ஒன்றாக்கியது அது. வெள்ளைச் சுவர், வெள்ளை நிலம், மேலேயிருந்து முற்றத்துக்குள் விழும் வெளிச்சம். நிறம் இருப்பது ஒரு கதவில், ஒரு துணியில், ஒரு சிலையில். நெருக்கடியான கொழும்பு அறைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: வெளிச்சத்தை முதலில் சரிப்படுத்து, பிறகு ஒரே ஒரு பொருளைப் பேசவிடு.

மார்ச் 23

பின்னேரம் இடியோடு மழை. விடிய விடிய டோர்ச் அடித்துச் சுவரைப் பார்த்தேன். கோடு தாண்டவில்லை. காடி வேலை செய்கிறது!

மார்ச் 25

யாழ்ப்பாணத்திலிருந்து நீத்துப்பெட்டிகள் வந்துவிட்டன. பனையோலையின் வாசம் அறை முழுக்க. பிட்டு அவிக்கும் அதே கூம்பு, கவிழ்த்துத் தொங்கவிட்டால் லைற் மூடி. முனையில் ஹோல்டர் நுழைய ஓட்டை வேண்டும். கத்தியால் வெட்டினால் ஓலை இழை ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். முதலில் வெட்டும் வட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பசை தடவிக் காயவிட்டு, பிறகு கூரான கத்தரிக்கோலால் உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டும். ஹோல்டரின் வளையம் ஓலையை மேலும் கீழும் இறுக்கிப் பிடிக்கும்படி ஓட்டை சரியளவாக இருக்கட்டும்.

LED மட்டும், 3 முதல் 5 வாட், 2700 கெல்வின். பழைய குமிழ் போட்டால் ஓலை கருகும். LEDக்கும் சூடு அடிப்பகுதியில் உண்டு. ஓலைக்கும் குமிழுக்கும் சுற்றிவர இரண்டு அங்குலம் இடம் வேண்டும், அதற்குப் போதாத சின்னப் பெட்டிகளை விட்டுவிட்டேன். பின்னல் நெருக்கமானதால் வெளிச்சம் பெரும்பாலும் கீழேதான் விழும், பின்னலின் இடுக்குகளில் மட்டும் ஊசிமுனைப் புள்ளிகள். வாசிக்க இது போதாது. வாசிக்க வேறு லைற், இன்னும் வெள்ளையான 4000 கெல்வின், தோளுக்குப் பின்னாலிருந்து. வயர் வேலை மின்சாரம் தெரிந்தவர் கையில்.

ஃபானுக்கு மேலே எந்த லைற்றும் இருக்கக்கூடாது. இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும், தலையிடிக்கு அதுவே போதும்.

மார்ச் 26

சாப்பிட்டானாம். கொஞ்சம்.

மார்ச் 28

பட்டங்கள். காலி முகத்திடலில் விற்பவை பெரியவை, பிளாஸ்ரிக், வாலைப் பார்த்தாலே அறைக்கு ஆகாது. ஈர்க்கிலும் டிஷ்யூ தாளிலும் சின்னதாகக் கட்டுகிறேன். ஒரு சாண் ஈர்க்கு இரண்டு, சிலுவையாக நூலால் கட்டி, முனைகளைச் சுற்றி நூல் ஓட்டி, தாளை அரை அங்குலம் மடித்து ஒட்டுவது. பச்சை ஈர்க்கு காயும்போது முறுகிப் பட்டத்தைக் கோணலாக்கும். நன்றாகக் காய்ந்ததை எடுக்க வேண்டும். கோதுமைமாப் பசை வேண்டாம், கரப்பானும் வெள்ளிமீனும் ஒரு மாதத்தில் வந்து சேரும். வழக்கமாக அதில் துத்தம் கலப்பார்கள், அது நஞ்சு, இந்த அறைக்குள் வராது. புத்தகம் கட்டும் வெள்ளைப் பசையே நல்லது.

எங்கே தொங்கவிடுவது என்பதுதான் கணக்கு. 56 அங்குல ஃபான் என்றால் நடுவிலிருந்து 28 அங்குலம் இறக்கை. வால் காற்றில் எழுந்து நீளும் என்பதால் வாலின் முழு நீளத்தையும் அதோடு கூட்டி, இன்னும் ஒரு அடி விட வேண்டும். ஃபானை முழு வேகத்தில் ஓடவிட்டு, நூலில் கட்டிய தாள்துண்டைக் கம்பில் பிடித்துப் பார்த்தேன். கால்மாட்டு மூலையில் காற்று மெல்லச் சுழல்கிறது. வால்கள் ஆட அதுவே இடம்.

மூன்று பட்டம் ஒரே ஈர்க்கில் சமநிலையில் நிற்க வேண்டுமானால் கீழிருந்து மேலே கட்ட வேண்டும். அடித்தட்டைச் சமப்படுத்தி, அதை ஒரு பொருளாக எண்ணி மேல்தட்டு. முடிச்சைப் பாரமான பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் நிற்கும். பசை கடைசியில்தான்.

மார்ச் 29

பழைய சோனகத் தெரு. சுவரில் காந்தம் ஒட்டும் பலகைக்குக் கல்வனைஸ் தகடு, பிறகு திருகாணி, ரோலர். காந்தம் ஒட்டும் பெயின்ற் என்று ஒன்று கேட்கலாம். மூன்று கோட் அடித்தாலும் மெல்லிய காந்தத்தைத்தான் தாங்கும். அரை மில்லிமீற்றர் இரும்புத் தகடு மலிவு, உறுதி. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, பெரும்பாலான எவர்சில்வரிலும் ஒட்டாது, கையில் காந்தத்தோடு போவது நல்லது. வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சு இல்லை, வெள்ளவத்தைக் காற்றில் முதலில் துரு வருவது அங்கேதான். விளிம்பை அரத்தால் மழுக்கி, ப்ரைமர் அடித்து, பிறகு சுவரின் நிறம்.

கரும்பலகைப் பெயின்ற்றும் நினைவில் இருந்தது. சோக்குத் தூசி இப்ப வேண்டாம்.

திருகாணி 316 ரக எவர்சில்வர் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண நாகப்பூச்சு ஆணி கடலோரத்தில் சுவரில் கபிலநிறக் கண்ணீர் விடும்.

ஏப்ரல் 1

நடுவில் இன்னும் ஈரம். பொலித்தீனில் மெல்லிய ஆவி. அவன் வருமுன் காயாது.

ஏப்ரல் 2

வழி கிடைத்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிய பென்சில் கோடுகள் வரைபடத்தில் மலையின் உயரக்கோடுகளாகவே தெரிகின்றன. அது ஒரு தீவு. சுற்றிவரக் கடல்பச்சை, தீவு வெறும் பிளாஸ்ரர். பெயின்ற் வெளிக்கோட்டிலிருந்து ஆறங்குலம் தள்ளியே நிற்கும், சுவர் மூச்சுவிடும். மீதியெல்லாம் பென்சில் மட்டும்: ஒரு கலங்கரை விளக்கம், துறைமுகம், திசைகாட்டி. ஈரம் குறையக் குறைய அவனே புதுக் கோடு போட்டுத் திகதி எழுதலாம். பாய், துணி எதையும் மேலே தொங்கவிட்டு மறைக்கக்கூடாது, பின்னால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஏப்ரல் 3

மற்றச் சுவர்கள். 12 அடிக்கு 9 அடிச் சுவர் சுமார் 10 சதுர மீற்றர். லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 2 லீற்றர். விளிம்பை இரண்டங்குலப் பிரஷால் இழுத்து, அது காயுமுன் ரோலர். காய்ந்த பிறகு உருட்டினால் சட்டம் போட்டதுபோலச் சுற்றிவரத் தெரியும். நிறம் மாறும் இடத்தில் மாஸ்கிங் டேப்பின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு தடவை தடவினால் இடுக்கு அடைபடும், பிறகு மேல்நிறம் கசியாது. டேப்பை ஈரம் இருக்கும்போதே சாய்வாக உரிக்க வேண்டும்.

மணம் குறைந்த தண்ணீர்ப் பெயின்ற்தான். என்றாலும் ஒரு கிழமை யன்னல் மூடப்படாது.

ஏப்ரல் 5

அக்கா மணிபிளான்ற் கேட்டா. போத்தல் தண்ணீரில் வைப்பதானால் கிழமைக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கும், தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது. சாடியின் அடித்தட்டில் மணல் நிரப்பலாம். இந்த அறைக்குள் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விறாந்தையில், சாடியில், மண்ணில்.

ஏப்ரல் 7

கண்ணாடி. இந்த நாட்களில் கொழும்பில் சூரியன் நடுமதியம் நேர் உச்சியில். இனி வடக்கே சாயும், ஜூன் 21 வரை மாலை வெயில் அறைக்குள் நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்து விழும். இன்று 4 மணியிலிருந்து 6 மணிவரை தலையணையில் வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தேன். ஐந்தேகாலுக்கு வெளிச்சக்கட்டம் கட்டில் விளிம்பைத் தொட்டது, தலையணைக்கு வரவில்லை. மே மாதத்தில் எங்கே விழும் என்று திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரை கண்ணாடிக்கு மேலே ஒரு துணிச்சுருள், கயிற்றை இழுத்தால் இறங்கும்படி, கயிற்றின் முனை அவன் கைக்கு எட்டும் இரண்டடிக்குள்.

ஐந்தரை ரயில் தெரிந்தது. முழுசாக, கடைசிப் பெட்டி வரை.

ஏப்ரல் 8

அவன் வருவது சனிக்கிழமையாம்!

பாஸ்மார் வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். திரைச்சீலை மட்டும் மிச்சம். யன்னல் 4 அடி, கம்பி இரண்டு பக்கமும் அரையடி கூட, ஆக 5 அடி. சுருக்கு நன்றாக விழ இரண்டு மடங்கு, 10 அடி அகலத் துணி. உயரத்துக்கு மேலே நாலங்குலம், கீழ்மடிப்புக்கு ஆறங்குலம். கைத்தறித் துணியைத் தைக்குமுன் ஒரு இரவு ஊறவைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் கழுவலில் நிலத்தைவிட்டு மேலே ஏறும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தும் பார்க்க வேண்டும், சிவப்புக்கோடுதான் சாயம் விடும். வெயில் பக்கத்துக்கு வெள்ளைக் காடா உள்துணி. கோடுகள் படுக்கைவாட்டில் வேண்டாம், மடிப்பில் முறிந்துபோகும். நெட்டுக்கோடு.

ஏப்ரல் 9

துணி கொடியில் இன்னும் ஈரம். தையல் இயந்திரத்துக்கு 14ஆம் நம்பர் ஊசி வேண்டும், கடை பூட்டுமுன் போக